லாரிக்குப் பின்னால் ஒரு எக்ஸெல்: ரேடார் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

போன மாதம் அக்கா மகன் புதுக் கார் எடுத்தான். முன் பம்பருக்குள் ரேடார் வைத்த வண்டி. முன்னால் போகிற வண்டி மெதுவானால் இதுவும் தானாகவே மெதுவாகும். ஓட்டிக் காட்டுகிறேன் என்று பொள்ளாச்சி சாலையில் கூட்டிப் போனான். கிணத்துக்கடவு நெருங்கும்போது முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று. அதன் பின்பலகையை முட்டுகிற மாதிரி, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஒரு டி.வி.எஸ். எக்ஸெல். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம்.

"ஏனுங் மாமா, இந்த ரேடாரு லாரியையும் எக்ஸெல்லையும் ரெண்டாப் பாக்குமா, ஒண்ணாப் பாக்குமா?" என்றான்.

ரேடார் என்றாலே எல்லோரும் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் தெரியும்?" என்பதுதான். இவன் கேட்டது அதைவிட நல்ல கேள்வி. தூரத்தில் ஒன்று இருப்பது தெரிகிறதா என்பது பெரும்பாலும் எவ்வளவு ஆற்றலை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்த சங்கதி. கிட்டக்கிட்ட இருக்கும் இரண்டு பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா என்பதற்கும் ஆற்றலுக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. அதைத் தீர்மானிப்பது அனுப்பும் அலை எத்தனை அகலமான அதிர்வெண் பட்டையில் பரவியிருக்கிறது என்பதுதான். ஒரே திசையில், முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டைப் பிரித்துக் காட்டும் இந்தத் திறமைக்குத் தொலைவுப் பிரிதிறன் என்று பெயர்.

காரை விட்டுவிட்டு முதலில் ஒரு பாறைக்குழிக்குப் போவோம். நம் பக்கம் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழிகளுக்குப் பஞ்சமே இல்லை. படிப்படியாக வெட்டியிருப்பார்கள். எதிரே 170 மீட்டரில் ஒரு பாறைச் சுவர், அதற்கு மேலே 20 மீட்டர் உள்வாங்கி இன்னொரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கைதட்டினால் முதல் சுவரிலிருந்து எதிரொலி சரியாக ஒரு வினாடியில் வரும். இரண்டாவது சுவருக்கு, போக 20 மீட்டர், வர 20 மீட்டர், ஆக 40 மீட்டர் கூடுதல் பயணம். அதனால் அந்த எதிரொலி இன்னும் 0.12 வினாடி கழித்து வரும். காது கொடுத்துக் கேட்டால் "டப்… டப்" என்று இரண்டு தனித்தனி.

கைதட்டாமல் "ஓஓஓய்" என்று ஒரு வினாடிக்கு இழுத்துக் கத்திப் பாருங்கள். முதல் சுவரின் "ஓஓஓய்" முடிவதற்குள் இரண்டாவது சுவரின் "ஓஓஓய்" அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். காதில் விழுவது ஒரே நீண்ட கூச்சல். சத்தம் அதிகம்தான், ஆனால் சுவர் ஒன்றா இரண்டா என்று சொல்லத் தெரியாது.

ரேடாரிலும் இதே கதை. ஒலிக்குப் பதில் ரேடியோ அலை, வினாடிக்கு 30 கோடி மீட்டர் வேகம். ஒரு மைக்ரோவினாடி, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு துடிப்பை அனுப்பினால் காற்றில் அதன் நீளம் 300 மீட்டர். போகவர இரண்டு மடங்கு என்பதால் அதில் பாதி, 150 மீட்டர் இடைவெளியாவது இருந்தால்தான் இரண்டு எதிரொலிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் திரும்பும். இந்தப் 'பாதி'யைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் மறந்துவிடுவார்கள். பாறைக்குழிக் கணக்கில் 20 மீட்டரை 40 ஆக்கினோமே, அதேதான் இங்கே தலைகீழாக வருகிறது.

150 மீட்டர் என்றால் எவ்வளவு? கோவை லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கும் வண்டி வரிசையில் பெரும்பகுதி ஒரே பொட்டாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கடற்கரையில் நின்ற செயின் ஹோம் ரேடார்களின் துடிப்பு 20 மைக்ரோவினாடி அளவுக்கு நீளமானது. கணக்குப் போட்டால் 3 கிலோமீட்டர் வரும். கூட்டமாக வரும் விமானங்கள் திரையில் ஒரே மேடாகத்தான் எழும்பும். அந்த மேடு எப்படித் துள்ளுகிறது என்பதை வைத்து, எத்தனை விமானம் இருக்கும் என்று திரைமுன் இருந்தவர்கள் அனுபவத்தில் மதிப்பிட்டார்கள்.

அப்படியானால் துடிப்பைச் சின்னதாக்கிவிட்டால் போச்சு என்று தோன்றும். ஒரு மீட்டர் இடைவெளியைப் பிரிக்க வேண்டுமென்றால் 6.7 நானோவினாடித் துடிப்பு போதும் (நானோவினாடி என்பது மைக்ரோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இங்கேதான் சிக்கல் வருகிறது. எதிரொலி கேட்குமா கேட்காதா என்பது அனுப்பிய மொத்த ஆற்றலைப் பொறுத்தது. மொத்த ஆற்றல் என்பது திறனை நேரத்தால் பெருக்கினால் வருவது. நேரத்தை 150-இல் ஒரு பங்காகக் குறைத்தால் திறனை 150 மடங்கு ஏற்ற வேண்டும். 1 கிலோவாட்டில் முடிந்த வேலைக்கு 150 கிலோவாட். இரண்டு நூறு குதிரைத்திறன் மோட்டார்கள் சேர்ந்து இழுக்கும் திறனை, 6.7 நானோவினாடிக்குள் ஒரு ஆண்டெனா வழியே உதற வேண்டும். கார் பம்பருக்குள் அடங்குகிற காரியமா?

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இந்த இடம்வரை நன்றாகக் கூட்டிவந்து, பிறகு சட்டென்று சூத்திரத்தை மாற்றிவிடும். "துடிப்பின் நீளம்" என்று சொல்லிவந்தவர்கள் அடுத்த பக்கத்தில் "அலைப்பட்டை அகலம்" என்பார்கள். எனக்கு அந்த இடம் பிடிபட ரொம்ப நாளானது. சின்னத் துடிப்பு வேலை செய்வதே அது சின்னதாக இருப்பதால் அல்ல, அதிர்வெண்ணில் அகலமாக இருப்பதால்தான் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

பழைய மீடியம் வேவ் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். யாராவது டியூப் லைட் சுவிட்சைத் தட்டினால் ரேடியோவில் "டப்" என்று ஒரு சத்தம் வரும். கோவை வானொலி வைத்திருந்தாலும் வரும், முள்ளைத் திருப்பி வேறு நிலையத்துக்குப் போனாலும் வரும். சுவிட்சில் தெறிக்கும் பொறி கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அது எல்லா அதிர்வெண்களிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திவிடுகிறது. நேரத்தில் எவ்வளவு குறுகுகிறதோ அதிர்வெண்ணில் அவ்வளவு விரியும். ஒரு மைக்ரோவினாடித் துடிப்பு சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும், 6.7 நானோவினாடித் துடிப்பு சுமார் 150 மெகாஹெர்ட்ஸ்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. குறுகியது அகலமாகத்தான் இருந்தாக வேண்டும். அகலமானது குறுகியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டே, நிறைய அதிர்வெண்களைத் தொட்டுப் போகலாம் அல்லவா? நம் ஊர் மில் சங்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

கோயமுத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சங்கு என்றால் கடிகாரம். காலை ஷிப்ட்டுக்குச் சங்கு, மதியத்துக்குச் சங்கு. மோட்டார் சுழன்று வேகம் பிடிக்கும்போது சத்தம் தணிந்த குரலில் "ஊ" என்று கிளம்பி, மேலே மேலே ஏறி, உச்சிக்குப் போனதும் அங்கேயே நிலையாக நிற்கும். எதிரே நீளமான பஞ்சுக் குடோன் சுவர் ஒன்று இருந்தால் அதிலிருந்து எதிரொலியும் வரும். சத்தம் உச்சியில் நிலையாக நிற்கும்போது நேர்ச்சத்தமும் எதிரொலியும் ஒரே சுருதி. எது எதென்று பிரிக்க முடியாது. ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளில் கேட்டால், நேர்ச்சத்தம் முன்னால் ஏறிப் போயிருக்கும், எதிரொலி ஒரு படி கீழே பின்தொடர்ந்துகொண்டிருக்கும். சங்கு வினாடிக்கு 50 ஹெர்ட்ஸ் ஏறுகிறது என்று வைப்போம். இரண்டு சுருதிக்கும் வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ் என்றால் எதிரொலி ஒரு வினாடி தாமதம். 25 என்றால் அரை வினாடி. இரண்டு சுவர்கள் இருந்தால் இரண்டு வித்தியாசங்கள். சத்தம் என்னவோ நீளமானதுதான், ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு நொடியும் தனிச் சுருதியை அடையாளமாகச் சுமந்து வருவதால் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.

இப்படி ஏறும் (அல்லது இறங்கும்) அலைக்கு ரேடார்க்காரர்கள் வைத்த பெயர் சிர்ப். குருவிச் சத்தத்துக்கான ஆங்கிலச் சொல். மில் சங்கு என்று வைத்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும்.

கார் ரேடாரில் இது எப்படி நடக்கிறது என்று எண்ணோடு பார்ப்போம். 77 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை. 50 மைக்ரோவினாடியில் 1 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகிறது. அதாவது மைக்ரோவினாடிக்கு 20 மெகாஹெர்ட்ஸ். 30 மீட்டரில் ஒரு வண்டி. போய்வர 60 மீட்டர், 0.2 மைக்ரோவினாடி. அந்த நேரத்துக்குள் அனுப்பும் அலை 4 மெகாஹெர்ட்ஸ் ஏறிவிட்டது. ஆகவே அனுப்புவதையும் வருவதையும் கலந்து வித்தியாசத்தை எடுத்தால் 4 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இன்னொரு பொருள் 30.15 மீட்டரில் இருந்தால்? வித்தியாசம் 4.02 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டு சுருதிகளுக்கும் நடுவே இருப்பது வெறும் 20 கிலோஹெர்ட்ஸ். இரண்டு சுருதிகள் நெருக்கமாக இருந்தால், பிரித்தறியக் கூடுதல் நேரம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸைப் பிரிக்க அதன் தலைகீழ், 50 மைக்ரோவினாடி தேவை. நம்மிடம் இருப்பது சரியாக அந்த 50 மைக்ரோவினாடிதான். ஆக 15 சென்டிமீட்டர்தான் எல்லை.

இப்போது ஏற்றத்தை இரண்டு மடங்கு மெதுவாக்கி, அதே 1 கிகாஹெர்ட்ஸை 100 மைக்ரோவினாடியில் ஏற்றினால்? சுருதிகளின் இடைவெளி பாதியாகும். ஆனால் கேட்கும் நேரம் இரட்டிப்பாகும். மறுபடியும் 15 சென்டிமீட்டர். எப்படிப் புரட்டினாலும் விடை மாறாது. ஒளியின் வேகத்தை அலைப்பட்டை அகலத்தின் இரு மடங்கால் வகுங்கள். அதுதான் தொலைவுப் பிரிதிறன். 1 மெகாஹெர்ட்ஸுக்கு 150 மீட்டர், 150 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர், 1 கிகாஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர், 4 கிகாஹெர்ட்ஸுக்கு 3.75 சென்டிமீட்டர். துடிப்பின் நீளம் இந்தச் சூத்திரத்தில் எங்கேயும் இல்லை.

தொடர்ந்து அலையை அனுப்பாமல் துடிப்பாக அனுப்பும் பெரிய ரேடார்களும் இதையே சற்று வேறு விதமாகச் செய்கின்றன. 10 மைக்ரோவினாடி நீளமுள்ள சிர்ப் ஒன்று, அகலம் 150 மெகாஹெர்ட்ஸ். திரும்பி வந்ததை, அனுப்பியதன் நகலோடு நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எல்லாம் ஒத்துப்போகும் ஒரே கணத்தில் விடை சட்டென்று எழும்பி, அடுத்த கணமே விழுந்துவிடும். 10 மைக்ரோவினாடி நீளமாகப் போனது 6.7 நானோவினாடி ஊசியாகச் சுருங்கிவிடுகிறது, 1500 மடங்கு. இதற்குத் துடிப்புச் சுருக்கம் என்று பெயர். ஆற்றல் நீண்ட துடிப்பினுடையது, கூர்மை குறுகிய துடிப்பினுடையது. கொழுக்கட்டையும் வேண்டும், மாவும் தீரக் கூடாது என்பது போலத் தோன்றினாலும் இதில் ஏமாற்று இல்லை. அகலமான பட்டையை உண்மையிலேயே செலவழித்திருக்கிறோம். நம் பழைய வீடுகளின் பரணில் தொங்கும் பூச்சி தின்னி வவ்வால்களிலும் பல இனங்கள் இப்படித்தான் அதிர்வெண்ணைச் சரியவிட்டுக் கத்துகின்றன. 80 கிலோஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கும் ஒரு கத்தலை எடுத்துக்கொண்டால், ஒலியின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்குப்படி பிரிதிறன் 4 மில்லிமீட்டர் சொச்சம் வரும். அதே கத்தல் 5 மில்லிவினாடிக்கு ஒரே சுருதியில் இருந்திருந்தால் 85 சென்டிமீட்டர். கொசுவுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் மோத வேண்டியதுதான்.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். ஒன்று, "77 கிகாஹெர்ட்ஸ் என்பதால்தான் கூர்மை" என்று கடைக்காரர் முதல் யூடியூப் வரை எல்லோரும் சொல்வது. அது சரியில்லை. 24 கிகாஹெர்ட்ஸில் 250 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் 60 சென்டிமீட்டர். 77-இலும் 250 மெகாஹெர்ட்ஸ்தான் பயன்படுத்தினால் அதே 60 சென்டிமீட்டர். மேலே போகப் போக அகலமான இடம் காலியாகக் கிடைக்கிறது, 77 முதல் 81 வரை 4 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். நல்ல அகலமான களம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும் என்கிற மாதிரி.

இன்னொன்று, பிரிதிறனும் துல்லியமும் ஒன்று என்று நினைப்பது. சிமென்ட் சைலோவின் உச்சியில் மாட்டியிருக்கும் மட்டம் காட்டும் ரேடார், சரக்கு எங்கே இருக்கிறது என்பதைச் சில மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடும். அதன் பிரிதிறன் அதைவிடப் பல மடங்கு பெரியதாகத்தான் இருக்கும். ஒரே ஒரு மேடு இருந்தால் அதன் உச்சி எங்கே என்று நுணுக்கமாகக் குறித்துவிடலாம். இரண்டு மேடுகள் கலந்துவிட்டால் எந்த உச்சியைக் குறிப்பது? கணினியில் புள்ளிகளைக் கூட்டி வரைந்தாலும் உதவாது. மங்கலான போட்டோவை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

நடைமுறையில் சூத்திரம் சொல்வது அப்படியே கிடைப்பதும் இல்லை. சுருக்கி எடுத்த ஊசியின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி மேடுகள் முளைக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பக்கத்து மேடு உச்சியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இருக்கும். லாரியின் இரும்புச் சட்டம் தரும் எதிரொலி, எக்ஸெல்லின் எதிரொலியைவிட நூறு மடங்கோ அதற்கு மேலோ இருக்கலாம்; அப்போது லாரியின் பக்க மேடே எக்ஸெல்லை முழுங்கிவிடும். இதற்கு மருந்து, அலையின் தொடக்கத்தையும் முடிவையும் மெல்லத் தணித்து நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் கொடுப்பது. ஹாமிங் என்ற தணிப்பு முறையில் பக்க மேடுகள் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்குக்குத் தணிந்துவிடும். அதற்கு விலை, நடு ஊசி சுமார் ஒன்றரை மடங்கு தடிப்பது. 15 சென்டிமீட்டர் 22 ஆகிவிடும். சின்னவனும் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கூர்மையை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மண்ணுக்குள் பார்க்கும் ரேடாரில் ஒரு வேடிக்கை உண்டு. சாலையைத் தோண்டுவதற்கு முன்னால் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்க, தள்ளுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போவார்களே, அதுதான். ஓரளவு ஈரமுள்ள மண்ணில் ரேடியோ அலையின் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையலாம். வேகம் குறைந்தால் பிரிதிறன் தானாகவே மூன்று மடங்கு கூர்மையாகும்: 400 மெகாஹெர்ட்ஸ் அகலம் காற்றில் 37.5 சென்டிமீட்டர் தரும், அந்த மண்ணில் 12.5. ஆனால் சந்தோஷப்பட முடியாது. களிப்பான ஈரக் கரிசலில் அலை சீக்கிரமே செத்துப்போகும், அதுவும் உயர் அதிர்வெண்கள் முதலில். காய்ந்த செம்மண் காடு எவ்வளவோ பரவாயில்லை.

அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ரேடார் ஒவ்வொரு ஏற்றத்தையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டங்களாகத்தான் பிரித்துப் பார்க்கும். 256 கட்டம் என்று வைப்போம். 4 கிகாஹெர்ட்ஸில் கட்டத்துக்கு 3.75 சென்டிமீட்டர், மொத்தம் 9.6 மீட்டர்தான் தெரியும். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த இது அருமை, நெடுஞ்சாலைக்கு உதவாது. அதே 256 கட்டத்தில் 150 மீட்டர் பார்க்க வேண்டுமானால் அகலத்தை 250 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கி, கட்டத்தை 60 சென்டிமீட்டராக்க வேண்டும். மேலும், கட்டம் சின்னதாக ஆக, ஒரே லாரி துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பிக்கும். 10 மீட்டர் லாரி 15 சென்டிமீட்டர் கட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட துண்டு. பின் பம்பர், அச்சு, கேபின் என்று ஒவ்வொன்றும் தனிப் பொட்டு. போர் விமானத்தின் வகையைக் கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கு அது வரம். முன்னால் வண்டி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் காருக்கு, இந்தத் துண்டுகளையெல்லாம் மறுபடி கட்டி ஒன்றாக்கும் வீண் வேலை.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில் இந்த 60 சென்டிமீட்டர்தான். தணிப்புக்காக ஒன்றரை மடங்கு சேர்த்தாலும் 90. இடைவெளி ஒன்றரை மீட்டர். "ரெண்டாத்தான் பாக்கும், பயப்படாத. லாரிக்காரன் பிரேக் போட்டு அவரு ஒட்டிப் போய் நின்னாருன்னா அப்ப ஒண்ணாயிடும்."

அவன் விடுவதாக இல்லை. எக்ஸெல்காரர் பொறுமை இழந்து வலது பக்கம் ஒடித்து லாரியை முந்த ஆரம்பித்திருந்தார். பின்பலகைக்கு நேராக, பால் கேன் உரசாத குறையாக. "இப்ப ரெண்டும் ஒரே தூரத்துல இருக்குதுங்களே மாமா?"

உண்மைதான். பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பிரிக்க, தொலைவுப் பிரிதிறன் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயன் இல்லை. அது ஆண்டெனாவின் கோணம் சார்ந்த விஷயம். 2 டிகிரி கதிர் 50 மீட்டரில் 1.75 மீட்டர் அகலமாக விரிந்திருக்கும். இருவரும் அதற்குள்ளேயே அடங்கிவிடலாம். தொலைவுப் பிரிதிறன் தூரத்தோடு மாறாது, இது தூரம் போகப் போக மோசமாகிக்கொண்டே போகும். ஆனால் எக்ஸெல் லாரியைவிட மணிக்கு 5 கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. 77 கிகாஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணை 700 ஹெர்ட்ஸ் சொச்சம் தள்ளிவைக்கும். ரேடார் 20 மில்லிவினாடி கேட்டால் போதும், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தையே பிரித்துவிடும்.

"அப்ப முந்தறப்போ தெரிவாரு, லாரி வேகத்துக்கே பக்கத்துல போனா தெரிய மாட்டாரா?"

அதற்குள் எக்ஸெல் லாரியைத் தாண்டிப் போய்விட்டது. லாரியின் மறைவில் போனதை இனி எங்கள் ரேடார் பார்க்க வழியில்லை.